தட்டு மாற்றிய கை

தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலுக்குச் சென்று வருபவர்கள் அங்குள்ள கற்களைச் சற்று உற்று நோக்கினால் தமிழ் எழுத்துக்களைக் காணலாம். சொக்கநாதர் என்னும் பெயர் மதுரைச் சிவபெருமானை நினைவூட்டினும் இங்கே எழுந்தருளியிருப்பவர் திருமாலே. 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்கள் இவ்வூரைத் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் குறிக்கின்றன. ஆகவே தமிழ் இவ்வூருக்கு நேற்று வந்ததன்று. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் நேற்று வந்தவர்களே. 1809இல் தண்டு அமைந்தபோது வந்தவர்களின் வழியினர் சிலர். 1940இல் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்சும் தோன்றிய பின் வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் பலர். முன்னவர் தமிழைக் கல்லில் கொண்டுவந்தனர். பின்னவருள் சிலர் அதனை அரக்கில் கொண்டுவந்தனர்.

அரக்கு என்றவுடன் நமக்குப் பாண்டவரை எரிக்க எழுப்பிய மாளிகை நினைவுக்கு வரும். நான் சொல்வது இசைத்தட்டை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய கறுப்புத் தட்டுக்கு உயிர்ப்பொருள் அரக்கே. அதனுடன் கல்தூளும் கரியும் சேர்த்து, சூடேற்றி, அச்சில் அழுத்தி எடுப்பார்கள். உலகமெங்கும் இலண்டனிலும் நியூயார்க்கிலும் பாடிய தட்டுகளுக்கு வேண்டிய அரக்கு பெரும்பகுதி நம் நாட்டின் கிழக்குக் காடுகளில், மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியிடமிருந்து சென்றது என்பதைப் பலர் அறியார்.

அத்தட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே மாறிப் பாடுமாறு செய்த பொறியின் வரலாற்றை இங்கு எழுதப் புகுந்தேன். தட்டுமாற்றி என்று அதனைத் தமிழில் சொல்லலாம். வழக்கில் எல்லாரும் ரெக்கார்டு சேஞ்சர் என்றே சொன்னார்கள். இலக்கியக் கட்டுரைகள் நிறைந்த மலரில் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் ஒரு நாள் கோவலன் கதையையே இப்பொறி தலைகீழாக்கிவிட்டது. அதனால் எனக்கு இதன்மேல் ஒரு பழைய வழக்கு உண்டு.

தாமஸ் ஆல்வா எடிசன் 1877இல் ஒலியைப் பதியக் கண்டது உருளையில். அதனைத் தட்டையான வட்டமாக்கியவர் எமிலி பெர்லினர். அவர் தம் கிராமபோனுக்கு உரிமை பெற்றது 1887இல். 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பார் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலானோரின் குரல்களைப் பதிந்தார். பதிந்தவை செருமனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலேறித் தட்டுகளாகித் திரும்பின. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் அழுத்தும் ஆலை அமைந்தது. பின்னர் அது டம்டம்முக்குப் பெயர்ந்தது. தமிழ்ப் பாட்டு சென்னையில் பாடப்பெற்றாலும் தட்டாகப் பிறந்தது பெரும்பாலும் வங்காளத்தில்தான்!

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகையாகப் பாடும். பன்னிரண்டு அங்குலமாயின் நாலரை நிமிடம். இம்மூன்று நிமிடம் என்னும் வேலிக்குள்தான் அரை நூற்றாண்டுக் காலம் உலகத்து இசையெல்லாம் அடைபட்டுக் கிடந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் ஒருவர் எழுந்து சென்று முள் பிடித்த கையைத் தூக்கி வைத்து, தட்டைத் திருப்பி, தேய்ந்த ஊசியைக் கழற்றிப் புது ஊசியைச் செருகி, சாவி கொடுத்து, மீண்டும் கையை இறக்க வேண்டும். எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கே உரியது. தேய்ந்த ஊசியை மறுபடி போட்டால் அது தட்டின் வரியை உழுதுவிடும். எங்கள் வீட்டில் இருந்தது ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் 102 என்னும் கைப்பெட்டி. 1930களின் தொடக்கத்தில் வெளிவந்த மாதிரி அது. பாட்டு முடிந்தால் தானே நிற்கும் தடுப்பு ஒன்று அதில் உண்டு. தாத்தா அதனை ஊரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு இரயிலில் வந்தாராம்.

ஊசி மாற்றும் பணி என்னுடையது. பழைய ஊசிகளைத் தனி டப்பாவில் போட வேண்டும். தரையில் விழுந்தால் பாட்டியின் காலில் ஏறும். சாவி கொடுக்கும்போது எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். மிகுந்தால் சுருள்வில் அறுந்துவிடும், குறைந்தால் சுந்தராம்பாளின் குரல் பாதியில் ஆண்குரலாகிப் படுத்துவிடும். பாட்டு நடக்கும்போது வெளியே விளையாடப் போக முடியாது. ஆனால் கூடத்தில் பெரியவர்கள் நடுவே உட்கார எனக்கிருந்த ஒரே உரிமைச் சீட்டு அதுவே. அடுத்து எதைப் போடலாம் என்று அப்பா என்னைக் கேட்பார். நான் சொல்வதை அவர் பெரும்பாலும் ஏற்கவில்லை என்பது வேறு.

இம்மூன்று நிமிடத் தளையை நம் இசைவாணர்கள் எதிர்கொண்ட விதம் தனியே ஆராயத் தக்கது. ஓர் இராகத்தை இரவு முழுவதும் விரித்தவர்கள் அவர்கள். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடி ஊர்வலத்தில் எத்தனை நாழிகை ஓடும் என்பதற்கு அளவில்லை. அதே தோடியைத் தட்டுக்காக அவர் சுருக்கி ஊதியபோது அது சுருங்கியதாகவே தோன்றவில்லை. விரிந்ததை வெட்டிக் குறைக்காமல் முதலிலேயே சிறிய உருவாக வார்த்தெடுத்தார்கள். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் மேடையில் ஒரே அடியை இரசிகர் கேட்கக் கேட்கத் திருப்பித் திருப்பிப் பாடியவர்கள். தட்டில் ஒருமுறையே பாடி அடங்கினர். எம். எஸ். சுப்புலட்சுமி 1926இல் பத்து வயதில் முதல் தட்டுக்குப் பாடியபோதும் இந்த அளவுக்குள்தான் பாடினார். ஆகவே தமிழ்ப் பாட்டைப் பொறுத்தவரை ஒரு பக்கம் என்பது ஒரு முழுப் பொருள். அடுத்த பக்கத்துக்கு விரைய வேண்டிய தேவை கேட்பவருக்கு இல்லை. இடையில் ஒருவர் எழுந்து தட்டைத் திருப்பும் நேரத்தில், "அடடா, அந்த இடத்தைப் பார்த்தீர்களா" என்று ஒரு சொல் சொல்லவும் வெற்றிலை மடிக்கவும் வாய்த்தது.

இதற்கு விலக்காக நின்றவை நாடகச் செட்டுகள். 1930களில் தமிழ்த் தட்டு வணிகம் செழித்தபோது மேடை நாடகங்களைச் சுருக்கி, பாட்டும் வசனமுமாக மூன்று நான்கு தட்டுகளில் பதிந்து பெட்டியாக விற்றார்கள். பின்னாளில் ஏவி. எம். எனப் புகழ்பெற்ற மெய்யப்பச் செட்டியார் படத்தொழிலுக்கு வருமுன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி ஓடியன் தட்டுகளை விற்றவர் என்பதை இங்கே நினைக்கலாம். நாடகச் செட்டில்தான் ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் உடனே வேண்டும். கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் புறப்பட்ட இடத்தில் தட்டு முடிந்தால் பாட்டி என்னை முறைப்பார்.

மேலைநாட்டாரின் இடர் இதுவே, ஆனால் பன்மடங்கு பெரிது. 1913இல் ஆர்தர் நிகிஷ் பெர்லின் இசைக்குழுவைக் கொண்டு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பதிந்தபோது அதற்கு எட்டுப் பக்கங்கள் தேவைப்பட்டன. நாடகத்தையாவது காட்சி முடிவில் நிறுத்தலாம். ஓடிக்கொண்டிருக்கும் இசையை மூன்று நாலு நிமிடத்துக்கொருமுறை கத்தியால் அறுப்பது எவ்வளவு கொடுமை! எனவே தட்டைத் தானே மாற்றும் பொறியை அவர்கள் தேடினார்கள்.

முதலில் அது வீட்டுக்காக வரவில்லை, கடைக்காக வந்தது. சிகாகோவின் ஜான் கேபல் 1906இல் ஒரு பெட்டியைச் செய்தார். காசு போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் இருபத்து நான்கு தட்டுகளில் வேண்டியதை அது எடுத்துப் பாடும். ஒவ்வொரு முறையும் ஊசியையும் தானே மாற்றிக்கொள்ளும். எனக்கு இதில் வியப்பளிப்பது ஊசி மாற்றும் பகுதியே. அப்பணியின் அருமை எனக்குத் தெரியும். பின்னாளில் உணவகங்களில் நின்று காசுக்குப் பாடிய பெட்டிகளுக்கெல்லாம் இதனை மூதாதை எனலாம்.

வீட்டுக்கு ஏற்ற தட்டுமாற்றியைப் பற்றிப் பேசும்போது உலகத்தின் ஒரு கோடியில் இருக்கும் ஓர் ஊரைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே தாஸ்மானியத் தீவின் ஹோபார்ட் நகரில் எரிக் வாட்டர்வொர்த் என்னும் இளைஞர் 1925இல் இத்தகைய பொறி ஒன்றைக் கண்டார். தந்தையும் மகனும் அதனைச் சிட்னிக்குக் கொண்டு சென்றனர். அங்கே ஒரு நிறுவனம் சலோனோலா என்னும் தன் பெட்டியில் அதனைப் பொருத்த இசைந்து, 1927 ஈஸ்டர் பொருட்காட்சியில் காட்டவும் செய்தது. ஆனால் சந்தைக்கு வருமுன் நிறுவனமே நொடித்துப்போயிற்று. மனம் தளராத இருவரும் 1928இல் இலண்டனுக்குக் கப்பலேறித் தம் உரிமையை வேறொரு நிறுவனத்துக்கு விற்றனர். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்ற நமக்கு, தம் சரக்கைத் தோளில் சுமந்து கடல் கடந்த அத்தந்தையும் மகனும் அயலாராகத் தோன்றவில்லை.

அதே 1927இல் அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் தன் தானியங்கிப் பெட்டியை வெளியிட்டது. பாடி முடிந்த தட்டை ஒரு வளையம் தூக்கிச் சாய்த்து, மெத்தென்ற துணி விரித்த அறைக்குள் சரித்துவிடும். மேலிருந்து அடுத்தது வந்து அமரும். 1930களில் இந்தியானா மாநிலத்துக் கேப்ஹார்ட் நிறுவனத்தின் பெட்டி இதனினும் ஒரு படி மேலே சென்று, தட்டை அப்படியே புரட்டி மறுபக்கத்தையும் பாடவைத்தது. செல்வர் மாளிகைகளுக்கு மட்டுமே எட்டும் விலை. அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஹோமர் கேப்ஹார்ட் பின்னர் அமெரிக்க மேலவை உறுப்பினரானார். இருபுறமும் புரட்டிப் பேசும் பயிற்சி அவருக்கு முன்னமே இருந்திருக்கும் போலும்!

ஆயினும் உலகெங்கும் பரவியது இவ்விரண்டு வகையுமன்று; மிக எளிய மூன்றாவது வகையே. சுழல்தட்டின் நடுவே நீண்டதொரு கம்பி நிற்கும். அதன் இடையில் ஒரு சிறு படி. எட்டுப் பத்துத் தட்டுகளை அக்கம்பியில் கோத்து மேலே அடுக்கினால் அடியிலுள்ள தட்டு அப்படியில் தங்கி நிற்கும்; சாயாமல் இருக்க ஓரத்தில் ஒரு தாங்கியோ மேலே ஒரு கையோ பிடித்துக்கொள்ளும். பாட்டு முடிந்ததும் முள்கை தானே எழுந்து விலகும்; கம்பியிலுள்ள சிறு நெம்பு அடித்தட்டை மட்டும் படியிலிருந்து தள்ளும்; அது கீழே விழுந்து முன்பு பாடியதன் மேல் அமரும்; முள்கை திரும்பி வந்து விளிம்பில் இறங்கும். தட்டைத் தள்ளுவதும் கையைத் தூக்குவதும் சுழல்தட்டைச் சுற்றும் அதே விசைதான்; அடியிலுள்ள ஒரு பற்சக்கரம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி இத்தனை வேலையையும் முறை பிசகாமல் முடித்துவிட்டு உறங்கப் போய்விடும்.

பாட்டு முடிந்தது என்று இரும்புக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் பொறிஞர்களின் நுண்ணறிவு விளங்குகிறது. பாடும்போது முள் நடுவை நோக்கி மிக மெல்ல நகர்கிறது. பாட்டு முடிந்த பின் வரி அகன்று, முள்ளை விரைந்து உள்ளே இழுக்கிறது. அந்த விரைவை உணர்ந்தே நெம்பு விழித்துக்கொள்கிறது. பழைய தட்டுகள் பலவற்றிலோ பாட்டு முடிந்த இடத்தில் வரியும் முடிந்துவிடும். அவற்றின்மேல் முள் அங்கேயே கிடந்து கரகரவென்று அரைத்துக்கொண்டிருக்கும், பொறி விழிக்காது. எனவே முடிவில் உள்ளோடும் வெற்று வரியை எல்லாத் தட்டுகளிலும் வெட்ட வேண்டியதாயிற்று. பெட்டிக்காகத் தட்டு மாறியது!

அதனினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. ஒரு நீண்ட இசை நான்கு தட்டுகளில், எட்டுப் பக்கங்களில் உள்ளதென்று கொள்வோம். கையால் மாற்றுபவருக்கு முதல் தட்டில் 1, 2. அடுத்ததில் 3, 4 என்று அமைவதே இயல்பு. தட்டுமாற்றியோ மேல்பக்கங்களை மட்டுமே வரிசையாகப் பாடும். ஆகவே அதற்கென்று தனி அடைவு வகுத்தார்கள்: முதல் தட்டில் 1உம் 8உம், இரண்டாவதில் 2உம் 7உம், மூன்றாவதில் 3உம் 6உம், நான்காவதில் 4உம் 5உம். நான்கும் பாடி முடிந்தபின் அடுக்கை அப்படியே திருப்பி வைத்தால் 5, 6, 7, 8 என்று ஒழுங்காகத் தொடரும். ஒரே இசையைக் கையால் மாற்றுவோருக்கு ஒருவிதமாகவும், பொறி வைத்திருப்போருக்கு வேறுவிதமாகவும் இரு வரிசை எண்களில் இங்கிலாந்தில் விற்றார்கள். கேட்பவன் எந்தப் பெட்டி வைத்திருக்கிறான் என்பதை வைத்துப் பீத்தோவனையே இருவகையாக அடுக்கினார்கள்.

எங்கள் கோவலன் செட்டு கையால் மாற்றுவோருக்காக அடுக்கப்பட்டது. இதை அறியாததே எங்கள் வீட்டுக் குழப்பத்துக்குக் காரணம்.

அதைச் சொல்லுமுன் மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டுமாற்றிக்குச் சுருள்வில்லின் வலிமை எளிதில் போதாது, மின்விசை வேண்டும். இவ்வகையில் நம் பகுதி முந்திக்கொண்டது. சிவசமுத்திரத்தில் வீழும் காவிரியின் ஆற்றல் 1902இல் கோலார் தங்கவயலுக்கும், 1905இல் பெங்களூருக்கும் மின்சாரமாக வந்தது. தங்கவயல் சுரங்கத்தில் உழைத்தவர்களுள் தமிழர் மிகப் பலர். தங்கள் ஊரில் வயலுக்குப் பாயும் ஆறு இங்கே கம்பியில் பாய்வதைக் கண்ட முதல் தமிழர் அவர்களே. ஆனால் நகருக்கு மின்சாரம் வந்தது வேறு, நம் வீட்டுக் கூரைக்கு வந்தது வேறு. தொம்மலூர்க் கிராமத்துச் சந்தில் எங்கள் வீட்டில் முதல் விளக்கு எரிந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு வந்த சில ஆண்டுகளில், 1972 என்று நினைவு, அப்பா சிவாஜிநகர்ப் பழம்பொருள் கடை ஒன்றிலிருந்து ஒரு ரேடியோகிராமை வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். வானொலியும் தட்டுமாற்றியும் ஒரே மரப்பெட்டியில். உள்ளேயிருந்த தட்டுமாற்றி இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்துக் காரார்டு நிறுவனத்தினுடையது. அந்நாட்டு அரச குடும்பத்துக்கு நகை செய்த காரார்டு வணிகர்களே முதல் உலகப்போர்க் காலத்தில், 1915இல், அப்பொறித் தொழிலையும் தொடங்கியவர்கள் என்று பின்னாளில் படித்தேன். முடி செய்த பட்டறையின் வழிவந்த கருவி எங்கள் சந்துக்கு வந்ததை அப்போது அறிந்திருந்தால் அக்கம்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பெருமை பேசியிருப்போம். முனையில் நீலமணிக்கல் பதித்த ஊசி. பக்கத்துக்கொன்று மாற்ற வேண்டியதில்லை. அன்றோடு என் பணி போயிற்று.

அன்றிரவு மாமா வீட்டாரும், எதிர் வீட்டுக் கன்னடக் குடும்பத்தாரும் வந்திருந்தனர். கோவலன் நாடகத்தின் நான்கு தட்டுகளையும் அப்பா கம்பியில் கோத்தார். நெம்பைத் தள்ளினார். முதல் தட்டு தொப்பென்று விழுந்து தானே பாடத் தொடங்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணகி திருமணம் நடந்தது. அடுத்த தட்டில் கோவலன் பொருளையெல்லாம் மாதவியிடம் இழந்துகொண்டிருந்தான். அரங்கேற்றம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவதில் கண்ணகி சிலம்பைக் கொடுத்து ஊரைவிட்டுப் புறப்பட்டாள். நான்காவதில் கோவலன் வெட்டுண்டான். அப்பா அடுக்கைத் திருப்பி வைத்தார். முதலில் மதுரை எரிந்தது. பின்னர் ஆயர்சேரியில் மாதரி வீட்டில் கோவலன் உணவுண்ண அமர்ந்தான். பின்னர் மாதவியோடு ஊடிப் பிரிந்தான். கடைசியில் அவள் ஆடலை முதன்முதலாகக் கண்டு மயங்கினான்.

"மதுரையே எரிஞ்சு போச்சு, இந்த ஆளு இன்னும் மாதவி வீட்டுக்குப் போறானே!" என்றார் பாட்டி.

எதிர் வீட்டு அம்மாள் கதை அறியாதவர். "நல்லா முடிஞ்சுது" என்று மகிழ்ந்து போனார். பொறியின்மேல் குற்றமில்லை. தட்டின்மேலும் குற்றமில்லை. தனக்கென வகுக்கப்பட்ட அடைவில் வராத ஒன்றை அது தன் அடைவில் பாடிற்று. அப்பா மறுநாளிலிருந்து நாடகச் செட்டுக்கு மட்டும் நடுக்கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு தட்டே கோத்தார். என்னைக் கூப்பிட்டு அருகில் உட்காரச் சொன்னார்.

இத்தட்டுமாற்றி நம் சமுதாயத்தில் ஏன் வேரூன்றவில்லை என்பதற்கு வறுமை ஒரு விடை. அது மட்டுமே விடையன்று. 1950, 60களில் தமிழ் மக்கள் இசைத்தட்டை மிகுதியாகக் கேட்டது வீட்டிலன்று. திருமணப் பந்தலிலும் அம்மன் திருவிழாவிலும் குழாய் ஒலிபெருக்கி வாயிலாகவே. சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர் பெருக்கியையும் தட்டுப்பெட்டியையும் வைத்துக்கொண்டு பந்தல் ஓரத்தில் அமர்ந்திருப்பார். பொறி வாங்கும் வசதியுள்ளவரும் தட்டைக் கையால்தான் மாற்றினார். ஏனெனில் அவர் தொழில் தட்டை மாற்றுவதன்று, நேரத்தை அறிவது. விடியலில் சீர்காழி கோவிந்தராசனின் பிள்ளையார் பாட்டு. மாப்பிள்ளை அழைப்புக்கு நாதசுரம். பெண்ணை வழியனுப்பும்போது ஒரு பாட்டு, அதற்குப் பந்தலில் பாதிப் பேர் அழுவார்கள். ஐயர் கையை உயர்த்தினால் எந்த வரியில் இருந்தாலும் முள்ளைத் தூக்கிக் கெட்டிமேளத்துக்கு இடம்விட வேண்டும். தட்டுமாற்றியிலும் பாதியில் நிறுத்தி அடுத்ததற்குச் செல்லும் நெம்பு உண்டு. ஆனால் அடுத்தது எதுவென்பது அடுக்கும்போதே முடிந்துபோன செய்தி. பந்தலிலோ சாப்பாடு தாமதமாகும், சம்பந்தி கோபித்துக்கொள்வார், மழை வரும். அலசூரிலும் தொம்மலூரிலும் நான் கண்ட அத்தொழிலாளர் சிலருக்குத் தட்டின் எழுத்தைப் படிக்கவும் தெரியாது. ஒட்டுத்தாளின் நிறத்தையும் விளிம்பின் தேய்வையும் கொண்டே இருட்டில் எடுப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் மலர் போட்டதில்லை.

மேலைநாட்டில் தட்டுமாற்றியின் பொற்காலம் அது பிறந்ததன் காரணம் மறைந்த பிறகே வந்தது என்பது வேடிக்கை. 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல். சிம்பொனியை அறுக்க வேண்டியதில்லை. போட்டியாக 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் நடுவில் பெருந்துளையிட்ட ஏழங்குலத் தட்டையும், அதற்கென்றே விரைந்து மாற்றும் சிறு பொறியையும் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 45 சுற்று. பின்னர் பர்மிங்காம் பக்கத்து பி.எஸ்.ஆர். போன்ற நிறுவனங்கள் மலிவான தட்டுமாற்றிகளைக் குவித்தன. ஆனால் தேர்ந்த செவியுடையோர் விரைவிலேயே அதனை வெறுத்தனர். தட்டின்மேல் தட்டு விழுந்து உராய்கிறது. அடுக்கு உயர உயர முள் தட்டில் படும் கோணம் மாறுகிறது. மேல்தட்டு வழுக்கி வேகம் தளர்கிறது. உராய்வைத் தடுக்கத் தட்டின் விளிம்பையும் நடுவையும் சற்று உயர்த்தி அச்சிட்டார்கள். மறுபடியும் பெட்டிக்காகத் தட்டு மாறியது. ஒலிநாடா வந்து, குறுந்தட்டும் வந்த 1980களில் தட்டுமாற்றி சந்தையிலிருந்து நீங்கியது.

இந்தியாவில் அரக்குத் தட்டு மேலைநாட்டைவிட நெடுநாள், 1960களின் இறுதிவரை வாழ்ந்தது. அதனால் நம் வீட்டுப் பரண்களில் இன்றும் சில கிடக்கின்றன. அவற்றை எடுத்துக் கணினியில் பதிந்து வைக்கும் நற்பணியை இளைஞர் பலர் செய்கின்றனர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செட்டாக வந்த தட்டுகளை முன்பக்கம், பின்பக்கம் என்று கண்டபடி பதியாமல், ஒட்டுத்தாளில் பாகம் என்று அச்சிட்ட எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். மேலைநாட்டுச் செட்டாயின் முதல் தட்டின் பின்பக்கம் எட்டாம் பாகமாக இருக்கலாம். அது அச்சுப் பிழையன்று. தட்டு எப்படி வாழ்ந்தது என்பதையும் அதன் உடல் சொல்லும். நடுத்துளை முட்டை வடிவாகத் தேய்ந்து, ஒட்டுத்தாளில் வட்டக் கீறல் இருந்தால் அது தட்டுமாற்றியில் வளர்ந்தது. துளை சுற்றி நேர்க்கோடுகளாகச் சிறு கீறல்கள் மட்டும் இருந்தால், கம்பியைத் தேடித் தடவிய ஒருவர் கையால் வைத்தது. அரக்குத் தட்டைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிற்கவைத்துச் சேமியுங்கள். சாராயம் கலந்த நீரால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

எங்கள் கோவலன் செட்டில் இப்போது மூன்று தட்டுகளே உள்ளன. அப்பா வெளியூர் சென்றிருந்த ஒரு நாள், நண்பர்களுக்குக் காட்டும் ஆசையில் நான் நான்கையும் கம்பியில் கோத்து நெம்பைத் தள்ளினேன். இரண்டு தட்டுகள் ஒருசேர விழுந்தன. மேலே இருந்தது தப்பியது. கீழே இருந்தது மூன்று துண்டாயிற்று. ஐந்தாம் பாகமும் ஆறாம் பாகமும் அதில் இருந்தன: கண்ணகி சிலம்பைக் கழற்றித் தருவதும், இருவரும் பிறந்த ஊரை விட்டுப் புறப்படுவதும், இடைச்சேரியில் அயலார் ஒருவர் வீட்டில் சோறுண்பதும். பாட்டி அத்துண்டுகளை ஒரு பழந்துணியில் முடிந்து வைத்தார். அம்முடிச்சு இன்றும் என்னிடம் இருக்கிறது. நான்காம் பாகம் முடிந்து ஏழாம் பாகத்தைப் போடும்போது நடுவிலுள்ள கதையைப் பாட்டியே வாயால் சொல்லுவார், தட்டில் இருந்த அதே ஏற்ற இறக்கத்தோடு. 1988இல் அவரும் போய்விட்டார். இம்மலரைப் படிக்கும் அன்பர் எவர் வீட்டிலேனும் கோவலன் நாடகத்தின் பழைய செட்டு ஒன்று இருக்குமாயின், அதில் மூன்றாவது தட்டு முழுதாக இருக்குமாயின், சங்கத்து அலுவலகத்தில் ஒரு சொல் சொல்லி வையுங்கள். தட்டு வேண்டியதில்லை. ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.